கூட்டத்துக்கு ஒரு பெருமதிப்பு

என் அண்ணி மைக்கைப் பிடித்தால் அழுகிற குழந்தைகூட ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு யோசிக்கும். சொந்த அண்ணி என்பதற்காக அளந்துவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். எங்கள் பகுதியில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'மைக்கக்கா வீடு எது?' என்று கேட்டுப் பாருங்கள், வாசல்வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

எங்களுடையது ஒலிபெருக்கிக் கடை. மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், வயர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். கடை அண்ணனுடையது. விழா நடக்கிற இடத்தில் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்காருவார், நான் ஏணியில் ஏறுவேன். ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விடுகிற மனிதர், தான் மட்டும் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அந்த நாலில் பாதி 'ம்' தான். அண்ணி அதற்கு நேர்மாறு. கல்லாவில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சாரியில் போகிறவரை நிறுத்திக் குசலம் விசாரிக்கிற தொண்டை. "இந்தத் தொண்டையை வீட்டுல வச்சுக்கிட்டு எதுக்குங்க ஸ்பீக்கர் வாங்கினீங்க?" என்று வாடிக்கைக்காரர்கள் அண்ணனைச் சீண்டுவார்கள். அண்ணன் அதற்கும் "ம்" என்பார்.

அண்ணி மேடை ஏறியது தற்செயலாகத்தான். ஒரு தொழிற்சாலையில் பணி ஓய்வு விழா. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. விழாக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் ஏணியைப் பார்த்தேன். அன்றைக்கு வயர்களைச் சுருட்ட உதவிக்கு வந்திருந்த அண்ணி, "இங்க கொடுங்க" என்று வாசிக்க வேண்டிய காகிதத்தை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

மேடையில் இருந்த எல்லோருக்கும் 'பெருமதிப்பிற்குரிய' என்று போட்டிருந்தது, ஒருவர் விடாமல். அண்ணி கணீரென்று வாசித்தார். கைதட்டல் தூள் பறந்தது. விழா முடிந்ததும் தண்ணீர் குடிக்கச் சமையல்கூடத்துப் பக்கம் போனார். அங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் மேடையில் இருந்தவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரைப் பற்றிச் சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது. இன்னொருவரைப் பற்றிச் சொன்னதைப் போடலாம், ஆனால் அவர் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

வண்டியில் திரும்பும்போது அண்ணி வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார்.

"எழுதிக் கொடுத்ததைத்தானே அண்ணி படிச்சீங்க?"

"எழுதினது அவங்க. வாய் யாரோடது?"

அதற்குப் பிறகு அவரைப் பலர் மேடைக்கு அழைத்தார்கள். அழைத்தவர்களிடமெல்லாம் அண்ணி ஒரே நிபந்தனை வைத்தார். 'பெருமதிப்பிற்குரிய' என்ற வார்த்தை ஒரு கூட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான். யாருக்கு என்பதை அவர்தான் முடிவு செய்வார். முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். இது என்ன புதுச் சட்டம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தக் குரல் வேண்டும், வேறு வழியில்லை.

ஒருமுறை, விளையாட்டாக நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். "மதிப்பிற்குரியன்னு எல்லாருக்கும் தாராளமா அள்ளி விடுறீங்க. அதுல ஒரு 'பெரு' சேர்க்கிறதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?"

"வந்த எல்லாருக்கும் மதிப்பு உண்டு தம்பி. குளிச்சு, நல்ல சட்டை போட்டு, நம்ம கூப்பிட்ட நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்காங்க. அதுக்கே கொடுக்கணும். நாற்காலிக்கு மரியாதை கொடுக்கணும்னா அதையும் கொடுத்துடறேன், நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா பெருமதிப்புங்கிறது அந்த ஆளு இல்லாத இடத்துல இருக்குற சங்கதி. அங்க போய்ப் பார்க்காம நான் எப்படிச் சொல்றது?"

"எங்க போய்ப் பார்ப்பீங்க?"

"ஒரு வீட்டுக்கு மதிப்புப் போட வர்றவன் என்ன பண்றான்? சுவத்தைத் தட்டிப் பார்க்கிறான், குழாயைத் திறந்து பார்க்கிறான், கொல்லைப் பக்கம் போறான். வாசல்ல நின்னுக்கிட்டே போட்டானா நீ விடுவியா?"

அவர் கொல்லைப் பக்கம்தான் போனார். எந்த விழா என்றாலும் எங்களுக்கு முன்னாலேயே போய்விடுவார். நாங்கள் ஸ்பீக்கர் கட்டுகிற நேரத்தில் சமையல்கூடம், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், பின்வாசல் என்று ஒரு சுற்று. பெருக்குகிறவர்களோடு நின்று பேசுவார், தேநீர் தூக்குகிறவர்களிடம் ஒரு கோப்பை வாங்கிக் குடிப்பார். கேள்வியாக எதையும் கேட்க மாட்டார். "இன்னைக்கு மேடையில யார் யாரெல்லாம் வர்றாங்க?" என்று ஆரம்பித்து வைத்தால் போதும், மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் தானாகத் தணிகிறதா, சிரிப்பு வருகிறதா, 'அவர்' 'அவன்' ஆகிறாரா என்று கேட்டுக்கொண்டே தேநீரைக் குடித்து முடிப்பார்.

அப்படித்தான் ஒரு மருத்துவருக்கு அந்த வார்த்தை கிடைத்தது. ஒரு பேருந்து ஓட்டுநருக்குக் கிடைத்தது. ஒரு பள்ளி ஆண்டு விழாவில், வந்திருந்த பிரமுகர்களை எல்லாம் விட்டுவிட்டு, பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் நடுங்குகிற கணக்கு டீச்சருக்குக் கிடைத்தது. அந்த அம்மா மேடையிலேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். ஒரு வங்கி விழாவில் யாருக்குமே கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஒருத்தரும் தேறலை," என்றார், அவ்வளவுதான்.

மைக்கில் 'ப' என்ற எழுத்து பொல்லாதது. நேராக வாயை வைத்துச் சொன்னால் ஸ்பீக்கரில் 'பட்' என்று வெடிக்கும். அதனால் அண்ணி அந்த வார்த்தைக்கு முன்னால் முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பிக்கொள்வார். நாளடைவில் கூட்டத்துக்கு இது தெரிந்துபோனது. அவர் முகம் திரும்பியதும் மேடையில் இருப்பவர்கள் நாற்காலியில் நிமிர்வார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் மறுபடி சாய்வார்கள். ஏணியிலிருந்து அதைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை பெரிய மனிதர்கள், எத்தனை விதமான சாய்வு!

இப்போது மண்டபத்து முதலாளி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி ஒரே மண்டபத்திலிருந்து. கல்யாணம், பிறந்தநாள், கூட்டம், எதுவானாலும் மைக் எங்களுடையது. அந்த மண்டபத்தை விட்டால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அதன் முதலாளி கெட்டவர் இல்லை. நல்ல உயரம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பார்க்கிறவர்களிடமெல்லாம் "என்ன, எல்லாம் சௌக்கியமா?" என்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். மண்டபத்தை நடத்துவதெல்லாம் மானேஜர்தான். ஒல்லியான மனிதர், நடக்கிறாரா ஓடுகிறாரா என்று சொல்ல முடியாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கிச் சட்டையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும்.

முதலாளி மாடியில் இன்னொரு மண்டபம் கட்டினார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மானேஜர் கடைக்கு வந்தார். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, நாளைக்கு முதலாளிக்கு அந்த வார்த்தையைப் போட்டுடுங்க."

"எந்த வார்த்தை?" என்றார் அண்ணி, தெரியாதவர் போல.

"விளையாடாதீங்க அக்கா. இத்தனை வருஷமா அவர் மண்டபத்துலயே யார் யாருக்கோ சொல்றீங்க. அவர் முன்வரிசையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கார். அவருக்கும் மனசு இருக்கும்ல? புது மண்டபத்துக்கு வேற ஆளுங்களும் மைக் போடக் கேக்குறாங்க. நான் சொல்றது புரியுதா?"

"நல்லாவே புரியுது. நாளைக்கு வந்து பார்க்கிறேன்."

மானேஜர் போனதும் அண்ணன் வாயைத் திறந்தார். "சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, கொஞ்சம் அடிபட்ட மாதிரி ஒரு பார்வை. அண்ணன் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை, அண்ணன் கேட்பதே அபூர்வம். நானும் அண்ணன் பக்கம்தான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. "அந்தாளும் பாவம் அண்ணி, கெட்டவர் இல்லையே," என்று எடுத்துக் கொடுத்தேன். அண்ணி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முறுக்கு ஏறிப்போன வயரை அவர் அப்படிச் சுருட்டி நான் பார்த்ததில்லை, எல்லாம் கோணல்மாணல்.

மறுநாள் மாலை விழா. வழக்கம்போல அண்ணி முதலில் போய்விட்டார். நாங்கள் சாமான்களோடு போனபோது பின்வாசலிலிருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"தம்பி, நான்தான் அவரைத் தப்பா எடை போட்டுட்டேன். தாராளமா கொடுக்கலாம் அவருக்கு."

பாத்திரம் கழுவுகிற அம்மாவின் கையில் ஒருநாள் கொதிக்கிற வெந்நீர் கொட்டிவிட்டதாம். முழங்கை வரை வெந்துபோய்விட்டதாம். முதலாளி உடனே மானேஜரை அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆறுகிற வரைக்கும் சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்தாராம். பெருக்குகிறவரின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காமல் இருந்தபோது, முதலாளி சொல்லித்தான் மானேஜர் போய்ப் பேசி வாங்கிக் கொடுத்தாராம். குளிரில் நடுங்குகிறாரே என்று இரவுக் காவலாளிக்கு ஸ்வெட்டர் கொடுத்தனுப்பியிருக்கிறாராம். சமையல்கூடமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது என்றார் அண்ணி. அண்ணன் பெருமூச்சு விட்டதை நான் இதற்கு முன் கேட்டதில்லை. வேலை சட்டென்று சுலபமாகிவிட்டது. நான் பாட்டுக்கூடப் பாடினேன்.

புது மண்டபத்துக்கென்று முதலாளி காலர் மைக் வாங்கியிருந்தார். சட்டையில் குத்திக்கொள்வது, இத்துனூண்டு இருக்கும். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, சுவிட்ச் அதில்தான். அண்ணிக்கு அது புதிது. அவர் பழகியதெல்லாம் கையில் பிடிக்கிற மைக். பேசாத நேரத்தில் அவர் கட்டைவிரல் தானாகப் போய் அதை அணைத்துவிடும். அண்ணன் காலர் மைக்கை அண்ணிக்குக் குத்திவிட்டு, சரிபார்த்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரிடம் போய் உட்கார்ந்தார். கூட்டம் வந்து நிரம்பிவிட்டது. கீழே முற்றத்தில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் யாரோ சொன்னதால், நான் குழாய் ஸ்பீக்கரையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

அந்த நேரத்தில்தான் மேடைக்குப் போகிற நடையில் அண்ணி முதலாளியைச் சந்தித்திருக்கிறார். இதை அவர் பிறகு எனக்குச் சொன்னார்.

"ஐயா, அந்தம்மா கையைப் பார்த்தேன். நல்லா ஆறிடுச்சு. நீங்க செஞ்சது பெரிய விஷயம்."

"எந்தம்மா?"

"வெந்நீர் கொட்டினவங்க ஐயா. பாத்திரம் கழுவுறவங்க."

"ஓ, அப்படியா? அதெல்லாம் மானேஜர் பார்த்துப்பார்மா. எல்லாம் சௌக்கியம்தானே?" என்று சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

அண்ணி அங்கேயே நின்றார். பின்வாசலில் பார்த்த காவலாளியின் ஸ்வெட்டர் அளவு பார்த்து வாங்கியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அது ஒல்லியான ஆளுடைய ஸ்வெட்டர், காவலாளிக்குப் பொத்தானே எட்டவில்லை. மேடைத் திரைக்குப் பின்னால் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டது. நேராக அங்கே போனார். கையில் மைக் இல்லை, அதனால் மைக் இருக்கிற நினைப்பே இல்லை. முதலாளி மேடையில் உட்கார்ந்ததும் விழா தொடங்கப்போகிறது என்று அண்ணன் அப்போதுதான் சத்தத்தைத் திறந்திருந்தார்.

நான் முற்றத்தில் ஏணி உச்சியில், ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஸ்பீக்கருக்குள்ளிருந்து என் அண்ணி பேச ஆரம்பித்தார்.

"மானேஜர் சார், அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னது யாரு?"

"முதலாளிதான் அக்கா. ஏன்?"

"அவருக்கு அந்தம்மா யாருன்னே தெரியலை. இப்பத்தான் கேட்டுட்டு வர்றேன்."

கொஞ்ச நேரம் ஸ்பீக்கரில் சாவிச் சத்தம் மட்டும்.

"அக்கா, மெதுவாப் பேசுங்க."

"இங்க யார் காதுல விழப்போகுது? ஸ்வெட்டர் யாரோடது? உங்களோடதுதானே? பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்னதும் நீங்களாத்தானே?"

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார்கள், நான்தான் பேசுகிறேன் என்பது போல. பாதி முடிச்சில் ஸ்பீக்கரை விட்டுவிட்டு இறங்கினேன், இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மாடிப்படியில் ஓடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஸ்பீக்கர், நானே கட்டியது. ஒவ்வொன்றிலும் மானேஜர் குரல் என்னைத் துரத்தியது.

"நான் கொடுத்தேன்னா அவங்களுக்கு ஒரு மாதிரி கூச்சமா இருக்கும் அக்கா. நானும் அவங்களை மாதிரி சம்பளக்காரன்தானே. முதலாளி கொடுத்தார்னா தலை நிமிர்ந்து வாங்கிப்பாங்க. அதோட, நம்ம முதலாளி நல்லவர்னு நினைச்சுட்டா காலையில வேலைக்கு வர்றப்ப கொஞ்சம் சந்தோஷமா வருவாங்க. அதைக் கெடுத்துடாதீங்க."

மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேடையில் நடு நாற்காலியில் முதலாளி, முகத்தில் ரத்தமே இல்லை. பக்கக் கதவில் சமையல்கூடத்து ஆட்கள் ஈரக் கையோடு கூடி நின்றார்கள். நான் நேராக அண்ணனிடம் பாய்ந்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு அவர் விரலுக்கு எதிரேயே இருந்தது. அண்ணன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, குறைங்கண்ணே! எல்லாருக்கும் கேக்குது!"

"தெரியும்."

"கடையே போயிடும்ணே!"

"இரு. அவ பேசிக்கிட்டிருக்கா."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் திருகுக்குக் கையை நீட்டினேன், அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை நான் மறக்க மாட்டேன். அண்ணிக்கு அவர் மனதில் என்ன இடம் என்பது எனக்கு அந்தப் பிடியில்தான் தெரிந்தது.

அண்ணியின் குரல் மண்டபம் முழுக்க நிதானமாக வந்தது. "உங்க முதலாளி கெட்டவர் இல்லை சார். சம்பளத்தை ஒரு நாள் தள்ளிக் கொடுத்ததில்லை, யாரையும் மரியாதைக் குறைவாப் பேசினதில்லை. மதிப்பிற்குரியவர்தான், அதை மனசாரச் சொல்லுவேன். ஆனா நீங்க அவருக்குக் கேக்குறது உங்க சொத்து. நீங்க சம்பாதிச்சதை அவர் பேருக்கு மாத்தி எழுதச் சொல்றீங்க. அதுக்கு நான் ஆள் இல்லை. இன்னைக்கு அந்த வார்த்தை உங்களுக்குத்தான்."

"ஐயோ வேண்டாம் அக்கா. என் வேலை போயிடும். உங்க கடையும் சேர்ந்து போயிடும்."

"போனா போகட்டும். தெருவுல நின்னு கூவிப் பொழைச்சுக்கறேன். தொண்டை நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். வந்த வேகத்தில் நின்றார். அத்தனை கண்களும் தன் மேல் இருப்பதைப் பார்த்தார், கதவில் நின்ற ஈரக் கைகளைப் பார்த்தார், குனிந்து இடுப்பைப் பார்த்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கை சுவிட்ச் வரைக்கும் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுட்டீங்கன்னு தெரியுது," என்றார். "இத்தனை பேருக்கு நடுவுல பேசணும்னு நான் பேசலை. ஐயா, அதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். சொன்னதுல மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லை."

பிறகு, வேறு ஒன்றுமே நடக்காதது போல, விழாவை ஆரம்பித்துவிட்டார். "மதிப்பிற்குரிய மண்டப உரிமையாளர் அவர்களே..." மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் அப்படியே அழைத்தார். எல்லோரையும் அழைத்து முடித்து முகத்தை லேசாகத் திருப்பினார். "பெருமதிப்பிற்குரிய மானேஜர் அவர்களே."

முதல் கைதட்டல் பக்கக் கதவிலிருந்து வந்தது. ஈரக் கையால் தட்டினால் சத்தம் வேறு மாதிரி இருக்கும், சப்பென்று. பிறகு மண்டபமே தட்டியது. மானேஜரைத்தான் எங்கேயும் காணவில்லை.

முதலாளி எழுந்தார். கைதட்டல் அடங்கிவிட்டது. மேடையை விட்டு இறங்கினார். கோபித்துக்கொண்டு வெளியே போகிறார், அவ்வளவுதான், இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை, பக்கக் கதவுக்குள் போனார். அந்த வழி முழுக்க எங்கள் வயர். தடுக்கி விழுந்தால் அந்தப் பழியும் நம் தலையில் என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

சமையல்கூடத்து வாசலில் அவர் கொஞ்சம் தயங்கினார். தரையெல்லாம் தண்ணீர். பளபளக்கிற செருப்போடு அந்தத் தண்ணீரில் கால் வைத்தார். அவருக்கு முன்னால் ஓடி வந்திருந்த சமையல்கூடத்து ஆட்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"கை வெந்தது யாருக்கு?"

ஓர் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நீட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் வழவழவென்று வேறு நிறத்தில் இருந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். தொடலாமா வேண்டாமா என்பது போல அவர் கை பாதியில் நின்றது.

"எப்ப ஆச்சு இது?"

"உங்க பொண்ணு கல்யாணத்தன்னைக்கு ஐயா."

"அன்னைக்கு நானும் இங்கதானே இருந்தேன்?"

"ஆமாய்யா," என்றார் அந்த அம்மா. "மேடையில இருந்தீங்க."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொன்னார். முதலாளிதான் அடி வாங்கியவர் போல அப்படியே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

பெரிய பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்த மூலையில் சாவிக்கொத்து குலுங்கியது. மானேஜர் அங்கே ஒளிந்துகொண்டிருந்தார், அந்த வயதில்! முதலாளி போய் அவர் தோளில் கை போட்டு வெளியே அழைத்துவந்தார். இருவரும் அப்படியே மேடைக்குப் போனார்கள். மானேஜரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, முதலாளி எழுதிக்கொண்டு வந்திருந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தார். "இன்னைக்கு எனக்குப் பேச ஒண்ணும் இல்லை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மானேஜர் விழா முடிகிற வரைக்கும் நாற்காலி நுனியில்தான் இருந்தார்.

கடை என்ன ஆகும் என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் அண்ணி அண்ணனிடம், "கோபமா?" என்று கேட்டார். அண்ணன், "ம்ஹூம்," என்றார். அண்ணி அவர் தோளில் சாய்ந்துகொண்டார். நான் ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டினேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்து மூன்று பேரும் வேலை இருப்பது போல நடித்துக்கொண்டிருந்தோம். மானேஜர் வந்தார். கீழ் மண்டபம், மேல் மண்டபம் இரண்டிலும் வரப்போகிற விழாக்களுக்கெல்லாம் மைக் எங்களுடையதுதான் என்றார்.

"முதலாளி சொல்லச் சொன்னார் அக்கா."

அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாரு சொன்னது? உண்மையைச் சொல்லுங்க."

மானேஜர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தியமா அவர்தான் அக்கா. இந்தத் தடவை நிஜமாவே அவர்தான்."